அத்தான் சொன்ன ஒரே பொய்

அத்தான் பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அக்காவைக் கட்டியவர், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கண்டக்டர் டிக்கெட் போட மறந்துவிட்டால், நெரிசலில் எழுந்துபோய்க் கேட்டு வாங்கிவரும் ஆள். "பொழைக்கத் தெரியாத மனுசன்" என்று அக்காவே கேலி செய்வாள்.

எழுபதுகளில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முகம் அக்காவை உரித்து வைத்திருந்தது. தலை மட்டும் மிகச் சிறியது. ஒரு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. எட்டாம் மாதத்தில், கிரகண நேரத்தில் அக்கா சீலா மீன் அரிந்ததுதான் காரணம் என்று அவள் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அவர் அத்தை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. அக்கா அரிவாள்மணையைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

அப்போது நான் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளையின் செல்களைப் பெற்றுத் தருபவை சில தாய்ச் செல்கள்; கருவின் முதல் மாதங்களிலேயே அவை இரண்டாகி, நான்காகிப் பெருக வேண்டும்; இந்தக் குழந்தைக்கு அந்தப் பெருக்கம் சீக்கிரமே நின்றுவிட்டது. "எட்டாம் மாசத்துக்கு முன்னாலேயே அந்த வேலை முடிஞ்சிருக்கும்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." ஏன் நின்றது என்று அத்தான் கேட்டார். அது தெரியவில்லை என்றார்.

அக்காவின் முகம் தெளியும் என்று பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும், "அப்போ மூணாம் மாசம் நான் என்ன செஞ்சேன்?" என்று ஆரம்பித்தாள். பப்பாளி தின்றேனா, தண்ணீர்க்குடம் தூக்கினேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே அத்தை மறித்தார். "ஏலே, டாக்டரம்மா என்ன சொல்லுதா?"

"கோளாறு என் ரத்தத்துலதான் இருக்காம். இனி இவள ஒண்ணும் சொல்லாதம்மா."

டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அத்தை வழிவிட்டு ஒதுங்கினார். மகனைப் பழித்தால் அது தன்னையும் சேருமே! அதன்பின் அந்த வீட்டில் கிரகணப் பேச்சு எழவில்லை. குழந்தை இருந்த சில வருடங்களும் அத்தைதான் குளிப்பாட்டிவிட்டார்.

பிறகு அந்தத் தாய்ச் செல்களைப் பற்றிப் படிப்பதே என் பிழைப்பாயிற்று. இப்படிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான மரபணு வந்து சேர்ந்திருக்கும் என்று பின்னால் தெரிந்தது. போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, "அத்தான், நீங்க அன்னைக்குச் சொன்னது பாதி உண்மையா இருக்கலாம்" என்று சொல்லி விளக்கினேன்.

அத்தான் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே அக்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, மத்தப் பாதிய உங்க அக்காட்ட சொல்லிராத" என்றார்.