அம்மா செய்த ஜவ்வரிசி சைவம்தான்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைந்த இந்த நாளில், குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறேன். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதித் தரும்படி தம்பி கேட்டான். அம்மாவைப் பற்றி எழுத நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் அவருக்கு நாம் செய்ததை விட்டுவிட்டு அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா பிறந்தது சேலம் மாவட்டத்தில், ஆத்தூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, ஊருக்கு வெளியே இருந்த சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி செய்யும் ஆலைக்கு, வேலைக்குப் போனார். குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக் கிழங்குக் குவியலின் முன்னே உட்கார்ந்து காலை முதல் மாலை வரை தோல் சீவுவது முதல் வேலை. இடது கைப் பெருவிரலில் கத்தி பட்டுப் பட்டு நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. பிறகு தொட்டி வேலை, குலுக்கும் வேலை என்று எட்டு ஆண்டுகள் அங்கே உழைத்து, தாயையும் தம்பியையும் காப்பாற்றினார்.

இருபதாம் வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்தார். அப்பா குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு குடும்பமும் சைவம். அப்பாவின் அக்காவை நாங்கள் பெரியத்தை என்று அழைப்போம். கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கியவர். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். திங்கள், சஷ்டி, ஏகாதசி எல்லாவற்றுக்கும் விரதம் இருப்பார். விரத நாளில் அவர் குடித்தது அம்மா காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சி ஒன்றுதான். தீபாவளிதோறும் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஊரிலிருந்து ஒரு பை ஜவ்வரிசி கொண்டுவருவார். பதினோரு ஆண்டுகள் பெரியத்தை அதை விரும்பிக் குடித்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பஜனைக்குப் போன பெரியத்தை ஒரு துண்டுப் பிரசுரத்தோடு திரும்பினார். கிழங்கு மாவைக் குழியில் மாதக்கணக்கில் அழுக விடுகிறார்கள், அதில் நெளியும் புழுக்களோடு சேர்த்துக் காலால் மிதித்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள், விரதம் இருப்பவர்கள் உண்பது மாமிசம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அம்மா சமையலறையில் இருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“நீ அங்க வேலை செஞ்சவதான? இதுல போட்டிருக்கறது நெசமா?”

“இல்லீங்க அண்ணி. குச்சிக்கிழங்கத் தோலெடுத்து, ரெண்டு தண்ணி கழுவி, அரவையில போடுவாங்க. வர்ற பாலைத் துணியில வடிகட்டித் தொட்டியில விட்டா, ஏழெட்டு மணி நேரத்துல மாவு அடியில கட்டியாப் படிஞ்சுக்கும். மேல நிக்கற தண்ணிய எறக்கிட்டு, மாவ வெட்டியெடுத்து ஒடைப்போம். துணியத் தூளி மாதிரி கட்டி, அதுல போட்டுக் குலுக்கினா மணி மணியா உருண்டு வரும். சலிச்சு, தேங்காயெண்ண தடவின தட்டுல வறுத்து, வெயில்ல காயப்போடுவோம். அவ்வளவுதானுங்க. மாசக்கணக்குல போட்டு வெச்சா மாவு புளிச்சு வீணாப் போயிருமுங்க.”

“தொட்டியில இருந்து எப்படி வெட்டுவீங்க? வெளிய நின்னா?”

“உள்ள எறங்கித்தானுங்க. காலக் கழுவிட்டு.”

“நீ எறங்கியிருக்கியா?”

“எறங்கியிருக்கேனுங்க.”

“பூச்சி கீச்சி எதுவும் விழாதா?”

அந்த இடத்தில் அம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

“மழக் காலத்துல ஈசல் விழும். எடுத்துப் போட்டுட்டு மறுபடியும் கரைச்சு வடிகட்டுவோமுங்க.”

பெரியத்தை உடனே மார்கழிக் குளிரில் கட்டிய புடவையோடு பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அன்று மாலைக்குள் தெரு முழுவதும் செய்தி போயிற்று. அடுத்த நாள் அம்மாவின் தட்டும் டம்ளரும் பின்பக்கத்து விறகுக் கொட்டகைக்குப் போயின. அங்கேயே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் வைக்கப்பட்டது. அம்மா சமையலறைக்குள் நுழையக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, எங்களுக்குப் பரிமாறக் கூடாது. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, “அக்கா சொல்றபடி கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்” என்றார். அந்தக் கொஞ்ச நாள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயிற்று.

எனக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. படுக்கையறைக்கோ குளியலறைக்கோ போக அம்மா கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை. ஈரக்கால் பட்டால் தடம் தெரியும். அம்மா நடந்த இடத்தை நான் பின்னாலேயே போய் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். புழுவை மிதித்த கால் என்று பெரியத்தை சொல்லியிருந்தார். நான் ஒழுங்காகத் துடைத்தேன். ஒருநாள் பெரியத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அப்போதும் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனேன்.

அம்மா நின்று திரும்பிப் பார்த்து, “அத்தைதான் ஊட்டுல இல்லையே கண்ணு” என்றார்.

“சாமி பாத்துட்டுத்தான இருக்கும்” என்றேன்.

அம்மா நகர்ந்து வழிவிட்டார். நான் துடைத்தேன்.

அடுத்து வந்த தீபாவளிக்கு மாமா வழக்கம்போல் பையோடு வந்தார். பெரியத்தை அவரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, பையை வாங்கி, அவர் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினார். “எங்கூட ஒரு தடவ வந்து பேக்டரியப் பாருங்க, நானே பஸ்சுல கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து உடறேன்” என்று மாமா கெஞ்சினார். பெரியத்தை கதவைச் சாத்தினார். அம்மா கொட்டகை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அம்மா இருந்தவரை மாமா இந்த மலை ஏறவில்லை.

என் திருமணத்துக்கு வருகிறேன். பெர்ன்ஹில்லில் மாப்பிள்ளை வீடு. அவர்களும் சைவம். பெரியத்தை அவர்களிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது; பள்ளியில் அறிவியல் ஆசிரியை. துண்டுப் பிரசுரம் சொன்னது பொய் என்று ஊகிக்கும் அளவுக்குப் படித்தவள்தான். ஆனாலும் முகூர்த்தத்தன்று காலையில், பட்டுப்புடவையோடு வந்து நின்ற அம்மாவிடம் நானே சொன்னேன்: “பந்திப் பக்கம் மட்டும் வராதீங்கம்மா. அவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க.” அம்மா தலையாட்டிவிட்டு மண்டபத்தின் காய்கறி அறைக்குள் போய் உட்கார்ந்தார். மூன்று பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தப் பந்தியில் உண்டீர்கள். பெண்ணின் அம்மா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளில் பெரியத்தைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் சமைக்க ஆளில்லை. அம்மா அன்றைக்கே சமையலறைக்குள் போய் உலை வைத்தார். யாரும் தடுக்கவில்லை. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, “சாப்பாடு ஆச்சா?” என்று மட்டும் கேட்டார். பெரியத்தையைக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது, வாயில் ஊட்டியது எல்லாம் அம்மாதான்.

அந்தக் காலத்தில்தான் நான் மாணவிகளைச் சேலம் பக்கத்து சேகோ ஆலை ஒன்றுக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். தோல் சீவுவது, கழுவுவது, அரைப்பது, வடிகட்டுவது, படியவிடுவது, குலுக்குவது, வறுப்பது, காயவைப்பது. தூளிக்குப் பதில் இயந்திரம் வந்திருந்தது. மற்றபடி அம்மா சொன்ன வரிசையில் ஒன்றுகூட மாறவில்லை. ஆலைக்கு வெளியே கழிவுநீர் தேங்கிய குட்டை ஒன்று நாறிக் கிடந்தது. புழு அதில்தான் இருந்தது. எவரோ அதைப் பார்த்துவிட்டுப் போய் எழுதியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் நேரே குன்னூருக்கு வந்தேன். பெரியத்தையின் கட்டிலருகே அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். பார்த்ததையெல்லாம் சொன்னேன். பெரியத்தை குழறிய வாயால் நிதானமாகச் சொன்னார்:

“எனக்கு அது எப்பவோ தெரியும். அடுத்த வருசமே பஜனைல சொன்னாங்க, அந்த நோட்டீசு பொய்யின்னு.”

“அப்புறம் ஏன் அத்தை?”

“ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே. மாத்திச் சொன்னா என்னைய என்னன்னு நெனைப்பாங்க?”

அம்மா கிண்ணத்தை ஜன்னல் திட்டில், பெரியத்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். எழுந்து வெளியே வந்து என்னிடம், “இன்னைக்கு ஒரு நாள் பசியோட கெடக்கட்டும்” என்றார். நான் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து பெரியத்தை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை அம்மா மறுபடி ஊட்டினார். பெரியத்தை இறக்கும்வரை ஊட்டினார். ஆனால் அன்று முதல் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் ஈராண்டில் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவின் கடைசி நாட்களில் தொண்டையில் வந்த நோயால் திட உணவு எதுவும் இறங்கவில்லை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உடனிருந்தேன். ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிக் கரண்டியால் கொடுப்பேன். ஒரு மதியம், கூடத்தைத் துடைத்ததற்கு என்னை மன்னிக்கும்படி கேட்டேன். அம்மா கரண்டியைக் கையால் விலக்கினார்.

“அப்ப நீ சின்னப் புள்ள” என்றார். பிறகு மெல்ல, “கல்யாணத்தன்னைக்கு நீ சின்னப் புள்ள இல்லையே கண்ணு” என்றார்.

அம்மா வாயைத் திறந்து அடுத்த கரண்டியை வாங்கிக்கொண்டார். நாலு நாளில் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. வீட்டுக்கே வந்து வலிக்கு ஊசி போட்ட செவிலியருக்கு நன்றி. அக்காவுக்குக் கொள்ளிவைக்கும் நேரத்தில் ஆத்தூரிலிருந்து வந்து சேர்ந்த மாமாவுக்கு, அவருக்கு நாம் சாத்திய கதவை நினைவில் கொண்டு, கைகூப்பி நன்றி. பக்கத்து வீட்டுப் படுகர் அக்காவுக்கு எல்லோருக்கும் மேலான நன்றி. இருபது ஆண்டுகளும் விறகுக் கொட்டகைக்கே வந்து, அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அம்மா உள்ளூர என்னை மன்னித்திருப்பார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அவர் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று பேசியவர் அல்லர்.