மண்டி மொஹல்லாவில் ஒரு பெட்ரோமாக்ஸ்

மைசூர், மண்டி மொஹல்லா. விளக்கு வைக்கும் நேரம். "அந்தச் சந்துல தெருவிளக்கு எரியாது, சங்கிலிய அறுத்துடுவாங்க" என்று லாட்ஜில் எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். சங்கிலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடக்கிறேன்.

சந்தின் நடுவில், எரியாத விளக்குக் கம்பத்துக்கு நேர்கீழே, ஒரு பெண் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போடுகிறாள். வண்டியில் பெட்ரோமாக்ஸ் சீறிக்கொண்டு எரிகிறது. பெயர் சரசு, கொள்ளேகால் பக்கம் ராமாபுரமாம்; குடியிருப்பது இந்தச் சந்தில்தான், தமிழ் பேசுகிறாள். ஒரு பஜ்ஜி வாங்கிக்கொண்டு, மெயின் ரோட்டில் இன்னும் நன்றாக விற்குமே என்கிறேன்.

"விக்குமுங்க. போன மாசம் வரைக்கும் அங்கதான் போட்டேன். தசராவுக்கு இங்க மாட்டுன பல்பை, தசரா முடிஞ்சதும் கழட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் ஒரே குடி, சீட்டு, சங்கிலி அறுப்பு. பொம்பளைங்க ஆறு மணிக்கு மேல வெளிய வரக்கூடாதுன்னு ஆம்பளைங்க கூடிப் பேசி முடிவு பண்ணாங்க. ஒரு பல்பு மாட்டத் துப்பில்ல, எங்களை எதுக்குங்க உள்ள போகச் சொல்றது?"

அவள் பேசும்போதே இருட்டு மூலையிலிருந்து ஒரு கல் வந்து வண்டியில் விழுகிறது. நான் பின்வாங்குகிறேன். சரசு கரண்டியோடு திரும்பி, எவன்டா அவன், வெளிச்சத்துக்கு வாடா என்று கன்னடத்தில் கத்துகிறாள். யாரும் வரவில்லை.

பெட்ரோமாக்ஸை இன்னும் நாலு அடி பம்ப் அடிக்கிறாள். வெளிச்சம் எதிர்ச்சுவர்வரை ஏறுகிறது. கதவுகள் திறக்கின்றன. பெண்கள் முக்காலியும் முறமுமாக வந்து வண்டியைச் சுற்றி உட்காருகிறார்கள்.

நான் சங்கிலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு, இன்னொரு பஜ்ஜி கேட்கிறேன்.