ஆமெனுக்கு முன் திறந்த மூடி

சனிக்கிழமை காலை. சர்ச்சின் பின்பக்கம் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் அக்கா இல்லாமல் நாங்கள் அடுப்பு பற்றவைத்த முதல் நாள். எட்டு மணிக்கு அவர் கணவர் போன் செய்தார். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. அவரே கேட்டார்: "வடிச்ச சோத்த இன்னா பண்ணப் போறீங்க? மேல எடுத்துட்டுப் போங்க. அவ இருந்தா அதான் சொல்லுவா. அடக்கம் நாளைக்குத்தான்."

அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் தையற்கடை எஸ்தர். எனக்கு நினைவில் இருப்பது, சனிக்கிழமைதோறும் சோறு ஏற்றிப்போகும் ஜீப்பின் பின்பக்கம். முழங்கால்களுக்கு நடுவே அண்டா, அதைச் சுற்றிச் சாக்கு, பழைய போர்வை. திருப்பத்தூரிலிருந்து மலை ஏறும் ஒவ்வொரு வளைவிலும் அதை அணைத்துப் பிடிப்பார். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்புகள்.

"இன்னாக்கா, குழந்தையா அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குழந்தன்னா அழும்டா. இது சத்தமே இல்லாம ஆறிப்போவும். அதான் பயம்."

நாங்கள் சோறு போடுவது ஜவ்வாது மலைமேல் பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில். போக வீடில்லாமல் ஏறியவர்களும், யாரோ ஏற்றிவிட்டவர்களும் அங்கே இறங்கி அங்கேயே தங்கிவிடுவார்கள். கம்பளிக்காரர் அப்படி ஒருவர். பெயர் சொன்னதில்லை. கிழிந்த கம்பளியை வைத்து நாங்கள் இட்ட பெயர்.

போதகர் ஆமென் சொன்ன பிறகுதான் சோறு. அப்போது அதுதான் எங்கள் வழக்கம். ஒரு மார்கழித் தூறலில் ஜெபம் நீண்டது. கம்பளிக்காரர் தட்டை நீட்டினார். அக்கா அந்தக் கையை மெல்லத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் இருங்க பெரியவரே, ஜெபம் முடியட்டும்."

"உங்க சாமி துன்னுட்டாரா? நா இன்னும் துன்னல."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். ஆமெனுக்குப் பிறகு அக்கா அதே தட்டில் சோற்றுடன் காட்டுப்பாதையில் ஓடினார். மழை. ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. பிறகு ஒருபோதும் இல்லை.

அந்த அடுத்த சனிக்கிழமை, போதகர் கண்ணை மூடியதும் அக்கா மூடியைத் திறந்தார். சபை மூப்பர் ஒருவர் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா எஸ்தர், ஆண்டவருக்கு முன்னால அண்டாவா?"

"ஆறிப்போனா அவரே துன்ன மாட்டாரு ஐயா. நீங்க ஜெபிங்க, நான் போடறேன்."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இறங்கும் வழியில் ஜீப்பை நிறுத்தி, விறகு சுமந்து வருகிறவர்களிடம் விசாரிப்பார்: "கம்பளி போத்துன பெரியவர் யாரையாவது பார்த்தீங்களா?" தேடியது போதும் என்று ஒருநாள் சொன்னேன். "நான் தள்ளுன கைடா அது" என்றார்.

இந்தச் சனிக்கிழமை போதகர் அக்காவுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். குரல் உடைந்து, நின்று, மீண்டும் தொடங்கி, நீண்டது. வரிசையில் முதலாவதாக நின்ற பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா வர்லியா?"

"வர்ல" என்றேன்.

மூடியை எப்போதும் திறந்தது அக்காவின் கை. அதனால் வேறு யார் கையும் நகரவில்லை. அண்டாவைத் தொட்டேன். சூடு குறைந்துகொண்டிருந்தது.

திறந்தேன். சத்தம் கேட்டுப் போதகர் கண் திறந்தார். சாம்பார் கரண்டியை எடுத்துக்கொண்டார். ஆமென் யாரும் சொல்லவில்லை.

எனக்கு விசுவாசம் குறைவு. அக்காவுக்கும் அது தெரியும். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இரண்டுதான். ஒன்று, மூடி. மற்றது, அன்று இறங்கும் வழியில் விறகுச் சுமையோடு ஒருவர் எதிரே வந்தபோது ஜீப்பை நிறுத்தச் சொன்ன குரல். அது என்னுடையதாக இருந்தது.

"கம்பளி போத்துன பெரியவர் யாரையாவது பார்த்தீங்களா?"

இல்லை என்று அவர் தலையசைத்தார்.