படுத்திருக்கும் பிறை

என் தம்பி லாசரஸ் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வயது ஐம்பத்து மூன்று. ஓய்வு நாளானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். சதுப்புநிலத்து மீன்கொத்தி, ஈப்போ போகும் வழியில் ஒரு சுண்ணாம்புக் குன்று, மழைக்கு முந்தைய வானம். எதையும் யாருக்கும் காட்டமாட்டான். பிரிண்ட் போட்டு என்னிடம் மட்டும் தருவான். ஒவ்வொன்றின் பின்னாலும் இடம், தேதி, நேரம் எழுதி வைப்பது என் வேலை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்துப் பிழை வராது. இருபத்திரண்டு வருடத்தில் இரண்டாயிரத்து நாற்பது படங்கள் சேர்ந்திருக்கின்றன.

போன வருடம் அதில் ஒன்றை, அவனைக் கேட்காமலே, சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பூவம்மாவிடம் காட்டினேன். வருடாவருடம் வாடிக்கையாளர்களுக்கு மாதக் காலண்டர் கொடுப்பவர் அவர். செம்பவாங் கடற்கரையில் எடுத்த மூன்றாம் பிறை அது. வானமும் பிறையும் மட்டும். "ஆகஸ்ட்டுக்குப் போட்டுடலாம்" என்றார். லாசரஸ் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ, "கீழ பேரு போடுவாங்களா அக்கா?" என்று இரண்டு முறை கேட்டான்.

மாதிரிப் பக்கம் தயார் என்றதும் இருவரும் கடைக்குப் போனோம். 'படம்: லாசரஸ்' என்று கீழே இருந்தது. மேலேதான் தவறு. அவன் படத்தில் சம்பான் படகைப் போல மல்லாந்து கிடந்த பிறை, இங்கே எழுந்து நின்றது.

பக்கங்களை அமைத்தது பூவம்மாவின் மகள் நிவேதிதா. "ஃபோட்டோ சரிஞ்சு இருந்துச்சு அங்கிள், நான் ஸ்ட்ரெயிட் பண்ணிட்டேன். நேஷனல் டே மாசம் இல்ல? நம்ம கொடியில பிறை நிக்கிற மாதிரியே வச்சேன்."

"பரவாயில்ல லா, நல்லாத்தான் இருக்கு" என்றான் லாசரஸ். சொல்லிவிட்டுப் பருப்பு மூட்டைகளைப் பார்த்தபடி நின்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பேரு அவனோடது. பாக்கிறவங்க அவனுக்கு நிலாவே எடுக்கத் தெரியலன்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல பிறை நிக்காதும்மா, படுத்துத்தான் இருக்கும்."

"நிலா எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே ஆன்ட்டி?"

"நாளைக்கு அச்சுக்குப் போகணும்க்கா" என்றார் பூவம்மா.

அவர் தலைக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளில், 'சந்திர தரிசனம்' என்றிருந்தது. "இன்னிக்குச் சாயங்காலமே தெரியும். வந்து உங்க கண்ணால பாருங்க" என்றேன்.

ஏழு ஐந்துக்குப் பக்கத்து அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் நான்கு பேரும் நின்றோம். மேற்கே முழுக்க மேகம்.

"கடைய விட்டுட்டு மேகத்த வேடிக்கை பாக்க வந்திருக்கேன். யாராவது கேட்டா சிரிப்பாங்க" என்று பூவம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"போகாதீங்க. அது நகரும்" என்றான் லாசரஸ். அவன் யாரையும் அப்படித் தடுத்து நான் பார்த்ததில்லை.

ஏழு இருபத்திரண்டுக்கு மேகம் விலகியது.

"அய்யோ அம்மா, சிரிக்கிற வாய் மாதிரி இருக்கு!" என்று நிவேதிதா கத்தினாள்.

பூவம்மா கைகூப்பினார். "முப்பது வருஷமா பிறையைக் கும்பிடுறேன். எப்படி இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கிறேன். அங்கிள் எடுத்தபடியே போட்டுடு, நிவி."

லாசரஸ் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சூரியன் நேர் கீழே இறங்கியிருப்பதால் வெளிச்சம் அடியிலிருந்து படுகிறது என்று, கையால் காட்டிக் காட்டி, நிவேதிதாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பிறை மறையும்வரை பேச்சு நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக் காலண்டரை முதல் தேதி காலையில் தவறாமல் திருப்புகிறவள் நான். இது அக்டோபர் மாதம். சமையலறையில் இன்னும் ஆகஸ்ட்தான் தொங்குகிறது. தேதி பார்க்கக் கைப்பேசி போதும்.