தலையணைக்கு அடியில் வேப்பிலை

கிட்னி மாற்று வார்டில் பெட்ஷீட் மாற்றும்போது ஒரு நாள் தலையணைக்கு அடியில் வேப்பிலைக் கொத்து கிடந்தது. அந்த வார்டுக்குள் பூவோ இலையோ வரக் கூடாது. புதுக் கிட்னி வைத்தவர்களின் எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருப்பார்கள். இலையில் ஒட்டிய தூசிகூட அவர்களுக்கு ஆபத்து.

நான் அங்கே ஆயாவாக இருந்தேன். பம்பாய் ஆஸ்பத்திரிகளில் ஆயாவை மௌசி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாம் கிளாஸ் வரைதான் என் படிப்பு. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஒதுங்கிவிடுவேன். இப்போது வேலைக்கு வரும் பெண்களும் அப்படியே ஒதுங்குவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டிலில் இருந்தவன் இசக்கி. எங்கள் தாராவியில் தோல் பை தைப்பவன். கிட்னி கொடுத்தது அவன் அம்மா பேச்சியம்மாள். வீட்டுக்குப் போய் நன்றாக இருந்தவனுக்கு, கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் திரும்பவும் ஏறியது. மறுபடி வார்டில் சேர்த்தார்கள். பயாப்ஸி எடுத்துப் பார்த்து, புதுக் கிட்னியில் பி.கே. வைரஸ் என்றார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் நிறுத்தினார், இன்னொன்றைப் பாதியாக்கினார். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது பேச்சியம்மாள் பொறுப்பு.

“மைனி, யார்ட்டயும் சொல்லிராதிய,” என்று பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வைரஸ்னா அம்மைதான? அம்மா எறங்கியிருக்கும்போது மருந்து குடுக்கலாமா? டாக்டரே கொறைச்சிட்டாருல்லா.”

“மிச்ச மாத்திரை?”

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். முந்தின நாள் ராத்திரி மாத்திரையும் அன்று காலை மாத்திரையும் அப்படியே இருந்தன.

எங்கள் ஆட்கள் அம்மை கண்டால் மருந்து கொடுக்க மாட்டார்கள். என் பிள்ளைகளுக்கு நானும் கொடுத்ததில்லை. அதனால் அவள்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. மாத்திரை நின்றால் உடம்பு கிட்னியைத் தள்ளிவிடும் என்று தினமும் காதில் விழும் வார்டு அது.

கேரளத்து சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க மௌசி. அந்தம்மா பேசுறது உங்களுக்குத்தான் புரியும்,” என்று என்னை ரவுண்ட்ஸ் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

நான் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். “போலோ மௌசி, டரோ மத்,” பயப்படாமல் சொல் என்றார் பெரிய டாக்டர். தெரிந்த இந்தியில் சொன்னேன். நடுவே தமிழும் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை, யாரையும் திட்டவில்லை. பேச்சியம்மாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எனக்குத் தெரிந்த மாதிரி தமிழில் சொன்னேன்.

“இந்த வைரஸ் முக்காவாசிப் பேர் ஒடம்புல சும்மா தூங்கிக் கெடக்குமாம். ஒன் கிட்னி இவன் ஒடம்புக்குப் புது ஆளு. இவன் ஒடம்பக் காக்குற சக்திதான் வாட்ச்மேன். அவன் கிட்னிய அடிச்சு வெரட்டிருவான்னு மாத்திரை குடுத்து அவன மயக்கி வச்சிருக்கு. அவன் ரொம்ப மயங்கிட்டான், வைரஸ் முழிச்சிட்டு. வாட்ச்மேன் கொஞ்சம் கண்ணத் தொறக்கட்டும்னுதான் கொறைச்சிருக்காரு. ஒரேடியா நிறுத்துனா ஒன் கிட்னியத்தான் அடிப்பான்.”

“அப்பம் அம்மா வரலியா?”

“வந்தா மேலெல்லாம் அம்மை முத்து போட்டிருக்கும்லா. நீயே பாரு.”

அவள் மகனின் சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். டாக்டரும் குனிந்து பார்த்தார்.

“எல்லாரும் பாத்தாச்சா? குளிருது,” என்றான் இசக்கி.

பேச்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் சொன்ன மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தாள்.

அப்புறமும் பல நாள் அவனை வார்டில் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் வைரஸ் மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தக் கிட்னி இன்றும் வேலை செய்கிறது. அதன்பின் தமிழ் ஆட்களிடம் வைரஸ் என்று சொல்ல வேண்டி வந்தால் டாக்டர் முதலில் என்னைக் கூப்பிடச் சொல்வார். என்னை இழுத்துக்கொண்டு போன சிஸ்டரையும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அந்த டாக்டரையும் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வார்டில் கண்ணில் பட்டதை, குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுங்கள். நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இசக்கி செக்கப்புக்குப் போய்விட்டு வரும் வழியில் இப்போதும் என் வீட்டு வாசலில் நிற்பான். முதுகைத் திருப்பிக் காட்டி, “மௌசி, முத்து இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க,” என்பான்.