ஓடைத் திருப்பத்துச் சோறு

லாரிக்கு மாறுவதற்கு முன் ஐந்து வருஷம் தென்காசியில் பார்சல் வேன் ஓட்டினேன். காலையில் ரயிலடியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இலஞ்சி, குற்றாலம், வடகரை என்று சுற்றி, பொழுது சாயும்முன் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஜவுளிக் கட்டு, மருந்துப் பெட்டி, சைக்கிள் டயர், சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருப்பவர்களுக்கு மெட்ராஸிலிருந்து வரும் பிஸ்கட் டின். எது யாருக்கு என்று சீட்டைப் பார்க்காமலே சொல்வேன். உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சாரல் காலத்தில் ஐந்தருவிப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு மலையைப் பார்ப்பேன். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முப்பது வயதாகியும் எனக்குத் தெரியாது.

அந்த ஆசையில்தான், கொச்சிக்கு வற்றல் மிளகாய் ஏற்றிப் போகும் லாரிக்கு ஆள் தேவை என்றதும் போய் நின்றேன். முதலாளி லைசென்ஸைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "நாளைக்கே வண்டி எடுப்பீரா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அவசரத்தின் காரணத்தை முதல் நடையில் கிளீனர் சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை டிரைவரே என்பார். எனக்கு முன் இருந்த டிரைவர் புளியரைக்காரர். மலை ஏற்றத்தில் பாதி தூரத்தில் ஓர் ஓடைத் திருப்பம் உண்டு. எல்லா லாரியும் அங்கே நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, அவர் தகர டின்னோடு ஓடைக்கு இறங்கியிருக்கிறார்.

"ஒரே மஞ்சு மூட்டம், டிரைவரே. கூப்பிட்டுப் பாத்தேன், பதில் இல்ல. எறங்கிப் போனா தண்ணி ரொம்பின டின்னு கரையில இருக்கு. ஆளக் காணல."

மூன்று நாள் தேடியும் ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லையாம்.

புளியரை நெருங்கியதும், "இங்கன ஹாரன் அடிச்சிராதீங்க, அவரு வீடு இருக்கு" என்றார். அடிக்கவில்லை. இன்ஜின் சத்தமே போதுமாக இருந்தது. ரோட்டோரத்து ஓட்டு வீட்டிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். கையில் தூக்குவாளி. நான் நிறுத்தாமல் போய்விட்டேன்.

வேன் ஓட்டிய காலத்தில் வாசலுக்கு வாசல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொச்சி வரை போய்த் திரும்பிய மூன்று நாளில் ஒருவரும் கூப்பிடவில்லை. லாரியை அடையாளம் கண்ட டீக்கடைக்காரர்கள், கேட்காமலே அந்தப் பழைய டிரைவருக்குப் போடும் சர்க்கரையில்லா டீயை என் முன்னால் வைத்தார்கள். மறுக்கத் தோன்றாமல் குடித்தேன்.

அடுத்த நடையில் அவள் ரோட்டிலேயே நின்றாள். பிரேக் போட்டேன். தலை வாரி, நெற்றியில் குங்குமம் வைத்து, சந்தைக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் வேறு ஆள் என்பதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

"இத அவுககிட்ட குடுத்துருங்க. ஓடைக்கிட்ட நிப்பாக."

வாளி கையைச் சுட்டது. கொஞ்ச தூரம் போனதும் கிளீனர், "வெளிய வீசிருவோம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். கையில் வாங்கிய பொருளை வீசி எறிய எனக்கு வராது.

ஓடைத் திருப்பத்துக்குப் போகும்போது காலை மணி பத்து இருக்கும். மூடுபனியில் முகப்பு விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. வாளியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். சும்மா வைத்துவிட்டு வரவும் மனசில்லை. வேறு வார்த்தை தெரியாமல், வீட்டு வாசல்களில் சொல்வதையே சொன்னேன்.

"பார்சல் வந்திருக்கு."

அந்த மலையில் இருமினால்கூட எதிரொலிக்கும். அன்றைக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. ஓடையின் இரைச்சல்கூட ஒரு கணம் நின்றாற்போல் இருந்தது. கிளீனர் அவசரமாகக் கதவுக் கண்ணாடியை ஏற்றினார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது வாளி அதே சுவரில் இருந்தது. கழுவிக் கவிழ்த்திருந்தது. மூடி பக்கத்தில். மரம் வெட்டுகிறவர்களோ ரயில் பாதை ஆட்களோ சாப்பிட்டிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காலி வாளியை வாங்கி அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "கொழம்பு பிடிச்சிருக்கு போல" என்றாள்.

எட்டு மாதம் இப்படி நடந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அந்த ஓடையில நீங்க தண்ணி குடிக்கியளா?" என்றாள். இல்லை என்றேன். குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாதம் ஒரு நடையில், திரும்பி வரும்போது வாளி வைத்தபடியே இருந்தது. மூடியைத் திறந்தேன். சோறு புளித்து நுரைத்திருந்தது.

"கொட்டிட்டுக் கழுவிக் குடுப்போம், டிரைவரே" என்றார் கிளீனர். "அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியவா போகுது?"

ஓடை வரைக்கும் எடுத்துப் போனேன். கொட்டுவதற்காக வாளியைச் சாய்க்கவும் செய்தேன். அதற்குமேல் கை வரவில்லை. மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வந்து, அப்படியே அவளிடம் கொடுத்தேன்.

கனம் கைக்குத் தெரிந்ததும் அவள் மூடியைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. மலையை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப போயிட்டாக" என்றாள்.

முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நடையில் வீடு பூட்டியிருந்தது. வடகரைக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வழியில் நான் இன்னும் ஆறு வருஷம் ஓட்டினேன். வண்டியை விடவில்லை, விட நினைத்ததும் இல்லை. இன்ஜின் சூட்டுக்கு அந்தத் திருப்பத்தில் நின்றுதான் ஆக வேண்டும். கிளீனர் இறங்கமாட்டார், நானே போவேன். தண்ணீர் நிரம்பும் வரை மரங்களைப் பார்த்தே நிற்பேன். பிறகு ஓடைக்கு முதுகு காட்டாமல், பின்னோக்கி நடந்தே ரோட்டுக்கு ஏறுவேன். மற்ற லாரிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கிளீனர் ஒருநாளும் சிரித்ததில்லை.