கணவனைக் கடைசியில் சோதித்த கிளினிக்

இன்று ஆகஸ்ட் ஒன்பது. எனக்கு எண்பத்தொரு வயது, இரண்டு மாதம், நான்கு நாள்.

(மேடையில் "எண்பதைத் தாண்டிய மூத்தவர்" என்று பொத்தாம்பொதுவாக அறிமுகம் செய்தார்கள். அதனால் திருத்தம்.)

நான் முன்பு வேலை பார்த்த குழந்தைப்பேறு சிகிச்சை கிளினிக்கில் இன்று விழா. "நேற்றும் நாளையும்" என்று பேனர்.

நாளையைப் பற்றி ஓர் இளம் டாக்டர் பேசினார். கருவை உறைய வைப்பது, நல்ல கருவைக் கம்ப்யூட்டரே பொறுக்கி எடுப்பது... முக்கால் மணி நேரம்!

நேற்றைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம். (நேற்றுதான் முடிந்துவிட்டதே!)

ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அலுப்பாக இருக்கிறது; ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சமூகவியலில் எம்.ஏ. முடித்திருந்த நான் அங்கே ஆலோசகர். மாதம் ஒரு நாள், கிளினிக்கை நடத்திய டாக்டரம்மாவும் நானும் ஜவ்வாது மலை ஏறி, ஒரு பள்ளிக்கூட அறையில் குழந்தையில்லாதவர்களைப் பார்ப்போம்.

சிகிச்சை அட்டை எப்போதும் மனைவி பெயரில்தான். கணவனுக்கு ஒரே ஒரு வரி. அவனைச் சோதித்தால் எழுதுவதற்கு இடமே இல்லை!

இந்த வட்டாரத்துக்கே முன்னோடி கிளினிக்தான். ஆனாலும் ஆண்களைக் கடைசியில்தான் கூப்பிடுவோம். முதலிலேயே கூப்பிட்டால் மனைவியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எங்கள் பயம்.

அப்படி மூன்று ஆண்டுகள் வந்தவள் பூங்காவனம். மலையில் சாமை விதைக்கும் குடும்பத்து மருமகள்.

அவளுடைய கருப்பையைச் சுரண்டிப் பார்த்தோம். கீழே அழைத்துப் போய்ச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தோம். பிறகு, கருமுட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிக்கத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொடுத்து, தினமும் படுக்கையிலேயே உடம்புச் சூட்டைப் பார்த்துக் குறித்து வரச் சொன்னோம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

ஆனால் மறுமாதம் அட்டவணை முழுவதும் நிரப்பி வந்தாள்.

"யாரும்மா எழுதினது?" என்று கேட்டேன்.

"வாத்தியாரு வூட்டுக்கு எட்த்துனு போய்ட்டு காட்டுவேம்மா. அவரு சத்தமா படிச்சி எழுதுவாரு. இப்ப ஊருக்கே என் சூடு தெரியும்! மாடு ஓட்டினு போறவன்கூட, 'இன்னா அண்ணி, இன்னிக்கு ஏறிச்சா எறங்கிச்சா'ன்றான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பூங்காவனம் சிரிக்கவில்லை.

"சாமை அறுப்பு முடிஞ்சதும் அவருக்கு வேற பொண்ணு கட்டப் போறாங்கம்மா. மாமியா போய் பேசிட்டு வந்துட்டாங்க. அவ வந்துட்டா நான் இன்னா, மாட்டுக்கும் அவளுக்கும் தண்ணி காட்டினு கெடக்கணும்."

அன்றுதான் அவளுடைய கணவனை உள்ளே கூப்பிட்டோம்; பெயர் சின்னப்பையன்.

ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, அதில் என்ன வேண்டும் என்று விளக்கினேன். நான் முடிக்கும்வரை அவன் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"இத்தயெல்லாமாம்மா காலேஜில சொல்லிக் குடுக்கறாங்க?"

புட்டியோடு புளியந்தோப்புக்குள் போனவன் அரை மணி கழித்து வந்தான். (அதற்கொரு தனி அறை வேண்டும் என்று முன்னோடிகளுக்குத் தோன்றியதில்லை.)

மின்சாரம் இல்லாததால், ஜன்னல் வெயிலை மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் பிடித்து டாக்டரம்மா பார்த்தார். இன்னொரு துளி எடுத்துப் பார்த்தார். ஒரு விந்தணுகூட இல்லை!

அவனைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துச் சோதித்தார். விதைப்பையின் இரண்டு பக்கமும் சிறு தழும்பு. குடும்பக் கட்டுப்பாடு அறுவை ஏற்கெனவே நடந்திருக்கிறது.

"எப்பப்பா இது பண்ணிக்கிட்டே?"

"ஏழு வருசம் ஆவுதுங்க. கண்ணாலத்துக்கு முன்னாடி. எனக்குக் குடலு எறங்கினு இருந்துச்சு. கீழ முகாம் போட்ருக்காங்க, ஜீப்பு வருது, ஆபரேசன் பண்ணிவுடுவாங்கன்னாங்க. ஏறிட்டேன். பக்கெட்டுகூட ஒண்ணு குடுத்தாங்க. குடலு மட்டும் இன்னும் எறங்குதுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் ஆகாதவனுக்கு எப்படிச் செய்தார்கள்? ஃபாரத்தில் மனைவி பெயர், குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் கேட்பார்களே! எவன் எழுதிக் கொடுத்தான்?"

நான் அட்டையில் கணவன் வரியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அவனுக்கு விஷயத்தைச் சொன்னார். கேட்டது பூங்காவனம்தான்.

"அப்ப மூணு வருசமா என்ன இன்னாத்துக்கும்மா சுரண்டினீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றைய முக்கால் மணி நேரப் பேச்சிலும் பதில் இல்லை.

மறுமாதம் அவள் தனியாக வந்தாள்.

"பொண்ணு பேச்சு நின்னுச்சும்மா. ஊருக்கூட்டத்துல எங்க வூட்டுக்காரரே எழுந்து, 'கொறை என்னுது, அவளுது இல்ல'ன்னுட்டாரு. மாமியா ரெண்டு நாளு சோறு துன்னல. மூணாம் நாளு துன்னுட்டாங்க."

அவனைக் கீழே வரவழைத்து, வெட்டிய குழாய்களை டாக்டரம்மா மீண்டும் சேர்த்துத் தைத்தார். அந்தக் காலத்தில் இங்கே அது பெரிய காரியம். அந்தக் குடலிறக்கத்தையும் சேர்த்தே சரிசெய்தார்.

குழந்தை பிறக்கவில்லை.

(பிறந்தது என்று எழுதினால் வரிசையாக இதயம் போடுவீர்கள். பிறக்கவில்லை.)

இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தியவர், நான் பல வீடுகளில் தொட்டில் ஆட வைத்தவள் என்றார். கைதட்டினார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிளினிக்கில் சேருவதற்கு முன் எனக்கு வேறொரு வேலை இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு ஆள் சேர்ப்பது; மாதம் இத்தனை ஆள் என்று இலக்கு கொடுத்திருந்தார்கள். சின்னப்பையன் ஏறிய ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அவன் முகம் எனக்கு நினைவில் இல்லை. என் முகமும் அவனுக்கு நினைவில் இல்லை.

அந்த மலையிலிருந்து ஏறியவர்களுக்கெல்லாம் ஃபாரம் எழுதியது நான் ஒருத்திதான். மணமாகாதவர்களுக்கும் ஒரு மனைவி பெயரை எழுதி, கீழே "குழந்தைகள்: இரண்டு" என்று போட்டுவிடுவேன்.

டாக்டரம்மா இறக்கும்வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை. பூங்காவனத்திடமும் சொல்லவில்லை.